அரியாங்குப்பத்து மீன்

திண்டிவனத்தில் வண்ண மீன் விற்கும் கடைக்காரரிடம், "இது எந்த ஊர் மீன்?" என்று எதைக் காட்டிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கொளத்தூர்ணே." ஃபைட்டரும் கொளத்தூர், கப்பியும் கொளத்தூர், கோல்டு ஃபிஷும் கொளத்தூர். அவர் சொல்வது பொய்யில்லை. வடசென்னைக் கொளத்தூரிலும் அதைச் சுற்றியும் மொட்டை மாடி, கொல்லை, சிமெண்ட் தொட்டி என்று கிடைத்த இடத்திலெல்லாம் மீன் வளர்க்கிறார்கள். ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் அங்கிருந்து வெளியூர்களுக்கெல்லாம் மீன் போகிறது. நான் கேட்டது அதற்கும் முந்தைய ஊரை.

அண்ணன் மகளுக்காக ஓமந்தூர் வீட்டில் ஒரு தொட்டி வைப்பதாகப் பேச்சு. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 42 லிட்டர் பிடிக்கும். அடியில் மணலைப் போட்டு மேலே கொஞ்சம் இடம் விட்டால் 35 தேறலாம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். இந்தத் தண்ணீரில், இவ்வளவு சின்ன இடத்தில், ஏப்ரல் வெயிலில் எந்த மீன் பிழைக்கும்? மீனின் முன்னோர் எந்தத் தண்ணீரில் வாழ்ந்தார்கள் என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும் என்று தோன்றியது. கடையிலிருந்த ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் தேட ஆரம்பித்தேன்.

கோல்டு ஃபிஷ் முதலிலேயே விழுந்துவிட்டது. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குளங்களில் வளர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கெண்டை இனம் அது. ஒரு சாணுக்கு வளரக்கூடியது, தின்று கழிப்பதும் அதிகம். கண்ணாடிக் கிண்ணத்தில் அதை விற்பதைப் போல் அபத்தம் இந்தத் தொழிலில் வேறில்லை. நியான் டெட்ராவோ அமேசானின் மேற்பகுதியில், இலை ஊறிக் கறுத்த, சுண்ணாம்பே இல்லாத ஓடைகளில் இருப்பது. எங்கள் போர் தண்ணீர் அதற்கு நேர் எதிர்.

கப்பியின் கதை நீளமானது. வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மீனை வைத்து ஜெர்மானியரான பீட்டர்ஸ் 1859இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். டிரினிடாடில் இருந்த லெக்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீன்களைப் பார்த்த குந்தர் என்ற விலங்கியலாளர், இது புதிய இனம் என்று எண்ணி 1866இல் அனுப்பியவர் பெயரையே வைத்தார். முந்திக்கொண்டது பீட்டர்ஸ் என்பதால் குந்தரின் பெயர் செல்லாமல் போயிற்று; ஆனால் கடைக்காரர் வாயில் கப்பிதான் நிற்கிறது. இந்தியாவுக்கு அது அழகுக்காக வரவில்லை. கொசுப் புழுவைத் தின்னும் என்பதற்காக 1910ஐ ஒட்டிக் கொண்டுவந்தார்கள். அதே வேலைக்கு 1928இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா என்ற இன்னொரு மீன் வந்தது. கப்பி கடினத் தண்ணீருக்குப் பழகும், குட்டியாகவே போடும். ஆண் விந்தணுவைப் பெண் மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைக்கும் என்பதால், கடையிலிருந்து ஒரே ஒரு பெண் மீனை வாங்கி வந்தாலும் தொட்டி நிறையலாம். ஆண்களை மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம். எங்கள் தண்ணீருக்கு இது ஒத்துவரும் என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு ஃபைட்டர். இதன் ஊர் சயாம், இன்றைய தாய்லாந்து. 1849இல் தியோடர் கேன்டர் இதைப் பற்றி எழுதினார், 1910இல் ரீகன் இப்போதைய பெயரை வைத்தார், 2019இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இதெல்லாம் இருக்கட்டும், எனக்கு முக்கியமாகப் பட்டது அது வாழ்ந்த இடம். நெல் வயல், வாய்க்கால், சேற்றுக் குட்டை. வெயிலில் சூடேறி ஆக்ஸிஜன் குறைந்துபோகும் தண்ணீர். அதனால் அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக இன்னொரு சுவாச உறுப்பு உண்டு. மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிக்கொண்டு போய்விடும். கடைகளில் பிளாஸ்டிக் டம்ளரில் அடைத்து விற்க முடிவது இந்த உறுப்பின் தயவில்தான். உயிர் போகாது என்பதற்காக அதை வாழ்க்கை என்று சொல்லிவிட முடியாது.

இந்த உறுப்பைத் தொடர்ந்து போனபோதுதான் தேடல் சயாமிலிருந்து நம் கரைக்குத் திரும்பியது. பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791இல் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தான் பிடித்ததாக எழுதியது 1797இல் லண்டன் லின்னியன் சங்க வெளியீட்டில் அச்சாகியிருக்கிறது. மரமேறும் விஷயம் இன்றுவரை சந்தேகம்தான்; தரையில் ஊர்ந்து குட்டை மாறுவது மட்டும் மழைநாளில் கழனிப்பக்கம் போனவர்களுக்குத் தெரிந்ததே. சின்னத் தொட்டிக்கு அது ஆகாது. முரடு, அதோடு துள்ளி வெளியே விழும்.

அதே குடும்ப வரிசையில் இன்னும் சிறியது ஏதாவது நம் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. குவியேவும் வாலென்சியேனும் பிரெஞ்சில் எழுதிய மீன்களின் இயற்கை வரலாற்றின் ஏழாவது தொகுதி, 1831. அதில் 'குபானஸ்' என்ற இனப்பெயரோடு ஒரு சிறு மீன். அது பிடிபட்ட இடமாகச் சொல்லப்படுவது புதுச்சேரி அரியாங்குப்பம் ஆறு. பெயரும் அங்கிருந்து வந்ததுதான். சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ் என்பது இன்றைய முழுப்பெயர்.

செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணியின் கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. அதாவது எங்கள் மாவட்டத்துத் தண்ணீர். ஓமந்தூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறி, அங்கே இன்னொரு பஸ் மாறினால் அரியாங்குப்பம். சயாமிலும் டிரினிடாடிலும் சுற்றிவிட்டு வந்த எனக்குச் சிரிப்புதான் வந்தது.

மீன் ஏழு சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பழுப்பு உடம்பு, வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு, ஆணின் துடுப்பு ஓரங்களில் சிவப்பு. தமிழ்நாடு, கேரளம், இலங்கையின் வயல் வாய்க்கால்களிலும், கொஞ்சம் உப்பேறிய கழிமுகங்களிலும்கூட இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பியத் தொட்டிகளுக்குப் போய்விட்டது. திண்டிவனம் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். "இதுவா? கழனியில கெடக்கறதாச்சேண்ணே. இத யாரு காசு குடுத்து வாங்குவாங்க?" என்றார். வியாபாரியாக அவர் சொன்னது நியாயம். நிறம் காட்டாத மீன் விற்காது. ஆனால் சின்னத் தொட்டிக்கு மீன் பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனைக்கும் இந்த மீனிடம் பதில் இருக்கிறது: கடினத் தண்ணீர், சூடு, காற்றுக்குறைவு, கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றுபோகும் ராத்திரி.

வைத்துக்கொள்ளும் முறையும் அதன் பூர்வீகத்திலிருந்தே வருகிறது. ஓட்டமில்லாத நீரில் வாழ்வது என்பதால் தண்ணீரைச் சுழற்றியடிக்கும் ஃபில்டர் வேண்டாம், மெல்லக் குமிழி விடும் ஸ்பாஞ்ச் போதும். வேலம்பாசி அடர்த்தியாக இருந்தால் ஒளிய இடம் கிடைக்கும். மேலே மூடி வேண்டும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் காற்றுக்கு இடமும் வேண்டும். முட்டையிடும் காலத்தில் ஆண் இலைக்கடியில் நுரைக்கூடு கட்டிக் காவல் இருக்கும், பெண் கறுத்துவிடும். கொசுப் புழுவை விரும்பித் தின்னும். இந்த மீனில் ஒரு ஜோடியும், அதோடு நான்கைந்து ஆண் கப்பியும் அந்தத் தொட்டிக்குப் போதும்.

எந்த மீனானாலும் தொட்டி பழுக்க நாள் கொடுக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் ஸ்பாஞ்சிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் ஒரே வாரத்தில் எல்லாம் செத்துப்போனதாகச் சொல்கிற வீடுகளில் பெரும்பாலும் காரணம் இதுதான். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்குத் தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரானால் பிளீச்சிங் போக ஒருநாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும்.

கப்பி பெருகிவிட்டால் ஏரியில் கொட்டுவதில்லை என்பதை மட்டும் அண்ணன் மகளிடம் முதலிலேயே சொல்லி வைத்தேன். "ஏன் சித்தப்பா, அங்க நிறைய எடம் இருக்கே?" என்றாள். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சொல்லி, குபானஸின் படத்தைக் காட்டினேன். மழை விட்டதும் மதகுப்பக்கம் வலை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள்.