பெயரில்லா ஏடும் சந்தேகக் கோவையும்

ஓய்வூதியக் கோவை என்றதும் கச்சேரி இறாக்கையிற் படிந்த தூசியே எம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். கடந்த தவணை விடுமுறையிலே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861 – 1865) வடபுலத்து ஒன்றியப் படையில் நின்று பொருத கறுப்பின வீரரின் கோவைகள் சிலவற்றைக் கணினித் திரையில் வாசிக்க நேர்ந்தபோது, வரலாற்றுப் பாடநூல்கள் காட்டாத மனிதரை அத்தூசியினூடே கண்டோம்.

ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் அப்படையிற் சேவையாற்றினர். பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து வந்தவர். இன்று அவர்தம் சந்ததியார் முன்னோரைத் தேடிக் குடிசனமதிப்பு ஏடுகளைப் புரட்டினால், 1870 ஆம் ஆண்டு வரை ஒருவாறு செல்லலாம். அதற்கப்பால் ஒரு சுவர். 1850 இலும் 1860 இலும் அடிமைகளுக்கெனத் தனி ஏடு வைத்தார்கள். அதில் எசமானின் பெயர் உண்டு; கீழே வயது, பால், நிறம் உண்டு; அடிமையின் பெயர் பெரும்பாலும் இல்லை. எங்கள் ஊர்க் கமக்காரன் தன் உழவுமாட்டுக்குக்கூட ஒரு பெயரிட்டல்லவா அழைப்பான்!

அச்சுவரிலுள்ள துவாரமே ஓய்வூதியக் கோவை. அடிமைகளின் விவாகத்தைச் சட்டம் ஏற்றதில்லை. ஆகவே, வீரனின் கைம்பெண் தான் மனைவிதான் என்பதை எவ்வாறு நிரூபிப்பாள்? கூடி வாழ்ந்ததைக் கண்ட சாட்சிகள் போதும் என்று 1864 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஐயம் எழுந்த இடங்களுக்கு விசேட பரிசோதகர் அனுப்பப்பட்டனர். எவருக்கு உடைமையாயிருந்தாய், தாய் யார், உடன்பிறந்தார் எவர், விற்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று அவர்கள் துருவினர். அயலவரும் படைத்தோழரும், சில வேளை பழைய எசமானருங்கூடச் சாட்சியம் அளித்தனர். மனிதராய் மதித்து எழுத மறந்த அரசு, பணம் கொடுக்க அஞ்சிய காரணத்தாலேயே அவர்தம் வாழ்வை வரிவரியாய் எழுதிவைத்தது!

அடிமைகளை மீட்ட வீராங்கனை ஹரியட் டப்மனும் இதற்கு விலக்கல்லர். 1869 இல் அவர் மணந்த நெல்சன் டேவிஸ், படையிலே நெல்சன் சார்ல்ஸ் எனப் பதியப்பட்டவர். சார்ல்ஸ் எசமானின் பெயர். டேவிஸ் தந்தையின் பெயர். கணவர் 1888 இல் இறந்தபின், இருவரும் ஒருவரே என்று டப்மன் சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டியிருந்தது. 1890 இல் விண்ணப்பித்தவருக்கு 1895 இலேதான் மாதம் 8 டொலர் கிடைத்தது. 1899 இல் அது 20 ஆனது. போர்க்காலத்தில் ஒற்றராயும் தாதியாயும் அவர் தாமே செய்த பணிக்கு மூன்று தசாப்தங்களுக்கு மேலாகியும் தனிப்பட ஓய்வூதியம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

1890 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பு ஏடுகளிற் பெரும்பகுதி, 1921 இல் வொஷிங்டனில் மூண்ட தீயாலும் அதன்பின் நேர்ந்த அசட்டையாலும் அழிந்தது. அந்த இடைவெளியையும் இக்கோவைகளே ஓரளவு நிரப்புகின்றன.

கறுப்பின மனுதாரருக்கு வெள்ளையரினும் குறைந்த வீதத்திலேயே அனுமதி கிடைத்தது. சாட்சியத்தை நம்பாத பரிசோதகர் மேலும் சாட்சிகளைத் தேடி மேலும் தாள்களை நிரப்பினார். ஒரு சதமும் பெறாது மடிந்த கைம்பெண்ணின் தாய் பெயரையும், விற்கப்பட்ட தமையன் பெயரையும் இன்று அவளின் கொள்ளுப்பேரர் அத்தாள்களிலிருந்து பிரதிசெய்து கொண்டிருக்கிறார்கள்.