‘பந்தை அமுக்கிப் பாரு மாப்ள!’ - நடுக்கடலில் நின்ற எஞ்சினும் ஒரு சின்னத் திருகும்

தங்கச்சிமடத்தின் வடகடல். கச்சான் காற்று வீசும் மாதம். நள்ளிரவு தாண்டி, வலை வாங்கி முடித்துக் கரை திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் வள்ளத்தின் எஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

வள்ளத்தில் இருந்தது இரண்டே பேர். ஐம்பதைத் தாண்டிய மாமா. டிப்ளமோ முடித்துவிட்டு, கடலுக்கு வர ஆரம்பித்து ஒரு மாதமே ஆன மருமகன்.

மருமகன் கயிற்றை இழுத்தான். எஞ்சின் பிடித்தது. ஐந்து நிமிடம் ஓடியது. மறுபடி நின்றது. கொஞ்சம் காத்திருந்து இழுத்தால், மறுபடி ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

எஞ்சின் நின்ற வள்ளம் சும்மா நிற்காது. கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. அது வள்ளத்தைத் தள்ளுவது வடகிழக்கே, கச்சத்தீவு இருக்கிற பக்கம். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு வகுத்த கடல் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. இருட்டில் தண்ணீரின் மேல் எந்தக் கோடும் தெரியாது. ‘எஞ்சின் பழுது, காத்து இழுத்துட்டு வந்துருச்சு’ என்று சொன்னால் ரோந்துப் படகு நம்ப வேண்டும். நம்பாவிட்டால் ஆளும் சிக்கல், வள்ளமும் சிக்கல்.

“கார்புரேட்டரைக் கழட்டிடவா மாமா?” என்று ஸ்பேனரை எடுத்தான் மருமகன்.

“அத மட்டும் கடல்ல தொறக்காத மாப்ள. உள்ள இருக்குற ஜெட்டு மிளகு சைஸுதான். ஆடுற வள்ளத்துல கை நழுவுனா போச்சு. மொதல்ல பெட்ரோலுக்கு மாத்து.”

இந்தக் கரையில் ஓடும் பழைய அவுட்போர்டு மோட்டார்களில் பல, மண்ணெண்ணெயில் ஓடுபவை. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எளிதில் பிடிக்காது. அதனால் சின்ன டேங்கில் இருக்கும் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வந்து நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் மறுநாள் ஒரே இழுப்பில் பிடிக்கும்.

பெட்ரோலுக்கு மாற்றியதும் எஞ்சின் சீராக ஓடியது. “பாத்தியா... பிளக்கு நல்லாருக்கு, கார்புரேட்டரும் நல்லாருக்கு. அப்போ கோளாறு எங்க?”

“மண்ணெண்ண வர்ற வழியில.”

சின்ன டேங்கில் கரை வரை போகும் அளவுக்குப் பெட்ரோல் இல்லை. மண்ணெண்ணெய்க்கே மாற்றினார்கள். சில நிமிடங்களில் மறுபடி நின்றது. “இப்ப பந்தை அமுக்கிப் பாரு மாப்ள” என்றார் மாமா.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பந்து அது. மருமகன் தொட்டுப் பார்த்தான். “சப்பையா ஒட்டிக் கெடக்கு மாமா!”

மாமா இருட்டிலேயே டேங்கைத் தடவினார். பிளாஸ்டிக் பக்கவாட்டு உள்ளே குழிந்திருந்தது. கையை மேலே கொண்டுபோய், மூடியில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். ‘உஸ்ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனது. சப்பிக் கிடந்த பந்து மெல்ல உருண்டையானது. எஞ்சின் அதன்பிறகு நிற்கவில்லை.

டேங்கிலிருந்து எண்ணெய் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கான வழிதான் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் எண்ணெய் வராது. எஞ்சினை நிறுத்திவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போகும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஓடியது.

திருகை மூடியது யார்? மருமகன்தான். மாலையில் டேங்கைத் தோளில் தூக்கி வரும்போது சிந்தாமலிருக்க மூடினான். வள்ளத்தில் வைத்ததும் திறக்க மறந்துவிட்டான்.

கரை வரும் வரை மாமா அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மௌனம் ஏச்சைவிடக் கனமாக இருந்தது மருமகனுக்கு.

கோளாறு எல்லா நேரமும் திருகில் இருக்காது. ஆனால், அந்தப் பந்து பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். சப்பிப் போனால், பந்துக்கு முன்னால் அடைப்பு: காற்றுத் திருகு, டேங்குக்குள் இருக்கும் வடிகட்டி, மடங்கிய ஹோஸ். எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகவில்லை என்றால், எங்கோ காற்று இழுக்கிறது: வெடித்த ஹோஸ், தளர்ந்த இணைப்பு அல்லது பந்துக்குள்ளேயே இருக்கும் வால்வு. விடாமல் அமுக்கினால் மட்டும் எஞ்சின் ஓடுகிறதா? பம்பில் இருக்கும் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். பந்து கல் மாதிரி கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால்தான் கார்புரேட்டர், பிளக் பக்கம் போக வேண்டும்.

இன்னொரு எதிரி தண்ணீர். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் போதும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு கூடினால், இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். கடல்காற்றில் பாதி காலியாகக் கிடக்கும் டேங்குக்கு இது நல்லதல்ல. பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் கெடுக்கும்.

புயல் எச்சரிக்கையால் நாள்கணக்கில் கரையில் கிடந்த மோட்டார் அடம்பிடிப்பதற்கும் காரணம் உண்டு. கார்புரேட்டரில் தங்கிய எண்ணெய் ஆவியாகி, மிச்சம் பிசினாக ஜெட்டை அடைத்துவிடுகிறது. நீண்ட நாள் நிறுத்தப் போகிறோம் என்றால், ஹோஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுவது நல்லது.

புது மோட்டார் வாங்க லட்ச ரூபாய் தாண்டும். எண்ணெய்ச் செலவோ தினமும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், நாட்டுப்படகுகளுக்கான மானிய மண்ணெண்ணெய் அளவை ஆண்டுக்கு 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராக உயர்த்துவதாக முதல்வர் அறிவித்தார். அந்த மண்ணெண்ணெயில்தான் பழைய மோட்டார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று விடிந்ததும், மீனை ஏலத்துக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கும்போதுதான் மாமா வாயைத் திறந்தார். “ஒன் வயசுல நானும் இதே திருகைத் தொறக்க மறந்தேன். தெரியாம கார்புரேட்டரைக் கழட்டி, ஜெட்டைக் கடல்ல விட்டேன். விடிஞ்ச பொறகு வேற வள்ளம் வந்துதான் கட்டி இழுத்துட்டுப் போச்சு.”

மருமகன் சிரித்தான். மாமாவும் சிரித்தார்.

இப்போதெல்லாம் வள்ளத்தைத் தள்ளியதும் மருமகன் சிலுவை போட்டுக்கொள்கிறான். அடுத்து அவன் கை போவது டேங்க் மூடிக்குத்தான்.