தேவதாருத் தூண்களின் அருகே

ஸ்ரீநகர் ஜாமிஆ பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டுத் தூணொன்றில் முதுகு சாய்த்து அமர்ந்தேன். தேவதாருத் தூண், இத்தகையன அங்கே 378 உள்ளன. அவற்றுள் 32 தூண்கள் 48 அடி உயரமுடையவை. ஏனையவை 21 அடி.

எங்கள் மதரஸாவில் ஐப்பசி மழை தொடங்கியதும் ரைஹால்களில் பூசணம் படர்ந்துவிடும். என் தந்தையார் வக்ஃபாக அளித்தவை அவை. ஆண்டுதோறும் இரண்டொன்று வீணாகின்றன. அந்தக் கவலையோடு போன எனக்கு, பனிக்கும் ஈரத்துக்கும் அசையாது நின்ற இத்தூண்கள் வியப்பளித்தன. அருகில் ஓதிக்கொண்டிருந்த பெரியவரிடம், இம்மரத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த உருதுவில் வினவினேன்.

"மௌலவி ஸாஹிப், பூசுவதற்கு என்ன இருக்கிறது? எண்ணெய் மரத்துக்குள்ளேயே இருக்கிறதே" என்றார்.

உண்மைதான். தேவதாருவின் வைரப்பகுதியில் மணமுள்ள எண்ணெய் நிறைந்துள்ளது. கரையான் அதை அண்டாது. பூஞ்சையும் எளிதில் பற்றாது. இவ்வகை எண்ணெய்கள் பூஞ்சையின் உயிரணுச் சவ்வைச் சிதைப்பவை. மலைநாட்டார் இதை வடித்தெடுத்து, பூச்சி அண்டாதிருக்க மாடு, குதிரைகளின் கால்களில் தடவுவார்கள். சேமித்து வைத்த மசாலாப் பொருள்களைப் பூஞ்சையிலிருந்து காக்க இது உதவுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

மறுநாள் பஹல்காம் சென்றேன். ஊசியிலை மரங்கள் அடர்ந்த இடங்களில் தரையில் புல் அரிதாகவே இருந்தது. நிழலும் உதிர்ந்த இலைப்படுகையுமே அதற்குப் பெரிய காரணங்கள். ஆயினும் பைன் இலைகளில் உள்ள பைனீன் என்னும் பொருள் விதை முளைப்பதையும் வேர் நீள்வதையும் தடுக்க வல்லது என்பது சோதனைகளில் தெரிந்துள்ளது. நியூஸிலாந்தில் பைன் எண்ணெயிலிருந்து களைக்கொல்லியே தயாரித்திருக்கிறார்கள். அது இலையின் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும். நீரிழந்து களை காய்ந்துபோகும். ஆனால் வேருக்குள் இறங்காது. ஆகையால் நம் வயல்களின் கோரை போன்றவை மீண்டும் தளிர்க்கும். பயிரின் மீது பட்டால் பயிரும் கருகும். கண்ணில் பட்டால் எரியும். இயற்கைப் பொருள்தானே என்று அலட்சியமாகக் கையாள இடமில்லை.

அந்தப் பெரியவர் கூறிய மற்றொன்றும் நினைவில் நிற்கிறது. பூஞ்சைக்கு ஆகாத அந்த எண்ணெய் நெருப்புக்கு நல்ல தீனி. 1479, 1620, 1674 என மூன்று முறை இப்பள்ளிவாசல் தீக்கிரையானது. மூன்றாம் முறைக்குப் பின் ஒளரங்கசீப் சீர்செய்தார். இதே நகரில் ஷாஹே ஹமதான் கான்காஹின் கோபுர உச்சியிலும் 2017இல் தீப்பற்றியது. பெருந்தீங்கு நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஊர் திரும்புகையில் சிறு குப்பி தேவதாரு எண்ணெய் வாங்கினேன். விளக்கருகே வைக்காதீர்கள் என்று கடைக்காரரும் எச்சரித்தார். இப்போது நான்கு ரைஹால்களில் தடவியிருக்கிறேன். நான்கைத் தடவாமல் அவற்றின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எது எது என்று பிள்ளைகள் சுண்ணக்கட்டியால் குறித்துள்ளனர். இன்ஷா அல்லாஹ், ஐப்பசியில் பார்ப்போம்.