புரட்டாசிப் பாலை

இலையுதிர்காலம் என்னும் சொல் நமக்கு நூல்களின் வழியே வந்து சேர்ந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்து வளர்ந்த தலைமுறையினர், பேர்ச் மரங்கள் பொன்னிறம் பூண்டு நிற்பதையும், ஈரப் பாதைகளிற் சருகுகள் அழுந்துவதையும் மனக்கண்ணாற் கண்டு மகிழ்ந்தனர். வன்னிக் காட்டிலோ பாலையும் வீரையும் எந்தக் கோடையிலும் பசுமை மாறாது நிற்கின்றன. நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களின்படி ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஏட்டில் அது கார். வட்டக்கச்சியில் அது புழுதி. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் இறங்கும்வரை வானம் வெறும் வெண்கலத் தட்டு.

ஆயினும் நமக்கும் ஓர் இலையுதிர்காலம் உண்டு. சிறுபோக வெள்ளாண்மை அறுவடையாகிவிட்டது. காலபோக விதைப்பு இன்னும் தொடங்கவில்லை. இரணைமடுவின் நீர்மட்டம் தாழ்ந்து, குளத்தின் அடிநிலம் வெடித்துக் கிடக்கிறது. வாய்க்காலில் நீர் இல்லை. வயலில் ஒட்டுத்தாள் மட்டும் மிஞ்சிக் கிடக்க, மாடுகள் வேலி பாராது மேய்கின்றன. சோளகக் காற்றின் மூர்க்கம் அடங்கி, கொண்டல் எப்போது திரும்பும் என்று விவசாயி கிழக்கே பார்த்து நிற்கும் சில வாரங்கள் இவை. ஓர் ஆண்டின் உழைப்புக்கும் அடுத்த ஆண்டின் கவலைக்கும் இடையே கிடைக்கும் மூச்சு அது.

நிலத்தை ஐந்தாக வகுத்த நம் மரபு பாலைக்குத் தனி நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போதே பாலை பிறக்கிறது என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் உண்மை. இக்கருத்தை வன்னியில் வாழ்பவர் போல் வேறெவரும் உணர்ந்திருக்க முடியாது. இரணைமடுக் குளம் 1902இல் கட்டத் தொடங்கப்பெற்று 1920இல் நிறைவு கண்டது. பின்னர் 1950களில் குடியேற்றத் திட்டங்களின் கீழ் வந்த யாழ்ப்பாணத்து ஏழை விவசாயிகள் காடு வெட்டிக் களனி ஆக்கினர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் வன்னியின் வயல்களிற் கூலிகளாய் உழைத்தனர். முல்லை மருதமானது மனிதக் கைகளால். அதே மருதம் பாலையானதும் மனிதக் கைகளாலேதான். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

2023ஆம் ஆண்டுப் புரட்டாசியில், பூரணையை ஒட்டி வந்த நான்கு நாள் விடுமுறையில், நாம் வல்லிபுரக் கடல் தீர்த்தத்துக்குப் புறப்பட்டோம். எமது வாகனம் இருசில்லு உழவு இயந்திரம். பழைய கம்பனி ஒன்றின் பெயரே நிலைத்து, ஊரார் அதனை 'லாண்ட்மாஸ்ரர்' என்பர். அதன் பின்னே ஒரு பெட்டி. பெட்டிக்கு நான்கு கம்பு நட்டு மேலே படங்கு கட்டினால் அது வீடு. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேற் பாய். ஒரு மூலையில் அரிசி, தேங்காய், கேத்தல், சருவம், தண்ணீர்க் கலன். மறு மூலையில் பிள்ளைகள். சமையலறையும் படுக்கையறையும் திண்ணையும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கின. அமெரிக்கச் செல்வர் குளிர்சாதனமும் குளியலறையும் பூட்டிய சில்லு வீட்டிற் பாலைவனம் காணச் செல்வதாகக் கேள்விப்படுகிறோம். எமது வீட்டுக்குக் காற்றுத்தான் சாதனம்.

எம்மிடம் ரைகர் என்றொரு நாட்டு நாய் உண்டு. செந்நிறம், ஒரு காது மடிந்தது. அதனை அயலவரிடம் விட்டுச் செல்வதென்றே எண்ணியிருந்தோம். பெட்டியில் முதலில் ஏறி அமர்ந்த எழுபத்திரண்டு வயதுப் பெரியம்மா அதற்கு உடன்படவில்லை.

"நாயையும் ஏத்து தம்பி. முந்தி ஒருக்கா விட்டிட்டுப் போனது காணும்."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. ரைகர் ஏற்றப்பட்டது.

உழவு இயந்திரம் ஓடும் வேகத்தில்தான் நாட்டைப் பார்க்க வேண்டும். பேருந்தில் ஆனையிறவு ஒரு வெள்ளைக் கோடு. எமது பெட்டியிலிருந்து பார்க்கையில் அது நீண்டு கிடக்கும் ஓர் உலகம். நீர் வற்றிய களப்பின் ஓரத்தில் உவர் பூத்துக் கிடக்க, வெயிலும் காற்றும் கூடி உப்பை விளைவிக்கின்றன. உழவனைப் பட்டினி போடும் அதே வரட்சிதான் உப்பளத் தொழிலாளிக்கு அறுவடை என்பதை அந்த வெண்மை எமக்கு உணர்த்தியது. இயக்கச்சி கடந்து, பளையின் தென்னஞ்சோலைகள் தாண்டி, புதுக்காட்டுச் சந்தியிற் கிழக்கே திரும்பி, மருதங்கேணியிற் கடற்காற்றைச் சந்தித்தோம். வழியெங்கும் பனம்பழ வாசனை. ரைகர் பெட்டியின் பின்பலகையில் முன்னங்கால்களை ஊன்றி நின்று, ஒவ்வோர் ஊர் நாய்க்கும் தவறாது மறுமொழி கூறிற்று.

நாகர்கோவிலிற் பெட்டியிலிருந்தோர் சற்று மௌனமாயினர். 1995 செப்டெம்பர் 22இல் அவ்வூர்ப் பாடசாலைப் பிள்ளைகள் விமானக் குண்டுக்குப் பலியாயினர். அதுவும் ஒரு புரட்டாசியே.

குடத்தனைக்கு அப்பால் மணல் தொடங்குகிறது. மணற்காடு என்று பெயரிட்டவன் வீணாகப் பெயரிடவில்லை. குன்று குன்றாக வெண்மணல். காற்று எழுதி அழிக்கும் வரிகள். மணலுக்குள் அமிழ்ந்து நிற்கும் பழைய தேவாலயத்தின் சுவர்கள். கடலை மறைக்கும் சவுக்கு மரங்கள். ஈழத்திற் பாலைவனம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதனைத்தான் காட்ட வேண்டும். இதன் வடக்கே, அதே மணலில் வல்லிபுர ஆழ்வார் வீற்றிருக்கிறார். கருவறையில் உள்ளது ஒரு சக்கரம். தீர்த்த நாளில் அந்த மணலைக் கடந்து பல்லாயிரம் மக்கள் கடலை நோக்கி நடக்கிறார்கள். 1968இல் மாவிட்டபுரத்திற் கோயிற் கதவு திறக்கக் கோரி நின்றவர்களைத் தடியால் எதிர்கொண்ட குடாநாட்டில், கடலுக்கு மட்டும் எவரும் கதவு போட முடிந்ததில்லை.

பகலில் மணல் கொதித்தது. ரைகர் நாலடி வைத்துத் திரும்பிப் பெட்டியின் நிழலுக்குள் ஓடிற்று. மாலையில் மணல் குளிர்ந்ததும் அதற்குப் பைத்தியம் பிடித்தது. மணல்மேட்டில் ஏறும், உருளும், நண்டு புகுந்த வளையெல்லாம் தோண்டும். பிறந்தது முதல் வாய்க்கால் நீரையே கண்டிருந்த அப்பிராணி கடலலையைப் பார்த்துக் குரைத்து, அலை பின்வாங்கியதும் தன் வெற்றியை எண்ணி வாலாட்டி நின்றது. இரவில் மூன்று கல் அடுப்பில் உலை கொதித்தது. அயற்பெட்டியிற் பளையிலிருந்து வந்த குடும்பத்தார் பனங்காய்ப் பணியாரம் தந்தனர்; எமது பெட்டியிலிருந்து ஒரு சுண்டு புத்தரிசி அவர்களுக்குச் சென்றது. பூரணை நிலவில் மணல் முழுவதும் பால். நாம் மல்லாந்து கிடந்தோம். எவருக்கும் எந்த வேலையும் இல்லாத ஓர் இரவு. உழைக்கும் மனிதன் ஆண்டில் எத்தனை இரவுகளை இவ்வாறு கழிக்கிறான்?

இத்தகைய இன்பங்களை எழுதுவது முற்போக்கு ஏட்டுக்கு அடுக்குமா என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நிலவையும் மணலையும் ஓய்ந்திருக்கும் வர்க்கத்தாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, உழைப்பாளிக்கு வியர்வையை மட்டும் ஒதுக்குவது எவ்வகை நியாயம்? 1886இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டபோது, எஞ்சிய பொழுதைத் தம் உறக்கத்துக்கும் தம் விருப்பத்துக்கும் சேர்த்தே கேட்டனர். ஓய்வு என்பது வேலையின் எச்சமன்று. போராடிப் பெற்ற பொருள். ஆகவே அதனைப் பாடவும் வேண்டும்; அது எவரிடமிருந்து எவ்வாறு பறிக்கப்படுகிறது என்று கேட்கவும் வேண்டும்.

பெரியம்மா சொன்ன "முந்தி ஒருக்கா" என்பதை இங்குச் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டு, அதுவும் செப்டெம்பர் மாதம். ஐக்கிய நாடுகள் அமைப்பினரும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தினரும் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். மேற்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் வட்டக்கச்சியின் மரநிழல்களை நிறைத்தனர். நவம்பர் இறுதியில் நிஷா புயலின் வெள்ளம் கொட்டில்களை மூடிற்று. 2009 ஜனவரி 2இற் கிளிநொச்சி வீழ்ந்தது. அந்நாட்களில் வட்டக்கச்சியார் இதே போன்ற பெட்டிகளில், இதே போன்ற படங்கு கட்டி, அரிசியும் சருவமும் கதவு நிலையும் கூரைத் தகரமும் ஏற்றிக்கொண்டு தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே கிழக்கே சென்றனர். வீதியின் வேகம் மனித நடையிலும் குறைவு. ஒவ்வோர் ஊரிலும் பெட்டியின் பொருள் ஒன்று குறைந்தது. டீசல் தீர்ந்த இடத்தில் இயந்திரம் நின்றது. நாய்கள் சில ஊர் தாண்டும்வரை பின்னால் ஓடி வந்தன. பின்னர் ஓடி வரவில்லை.

முடிவில் அவர்கள் சென்றடைந்ததும் மணல்தான். மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கிய கடற்கரை. அந்த மணலிற் பதுங்குகுழி வெட்டினர். சேலைகளைப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினர். 2009 மே மாதத்தில் எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களின் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். 2010ஆம் ஆண்டளவில் அவர்கள் ஊர் திரும்பியபோது வயலைக் காடு மூடியிருந்தது. காடாயிருந்த இடம் வெட்டையாயிருந்தது. முல்லை இயல்பு கெட்டுப் பாலையாகும் வகை இதுவே.

ஒரே பெட்டி, ஒரே படங்கு, ஒரே மணல். ஒன்று திருவிழா, மற்றது பேரழிவு. வேறுபாடு யாதெனில், புரட்டாசிப் பயணத்திற் பின்னால் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் திறவுகோல் இல்லத்தவளின் முந்தானையில் முடிந்திருக்கிறது.

இவ்வேறுபாட்டை அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் தம் இரு நூல்களில், ஒருவேளை அறியாமலே, எழுதி வைத்துள்ளார். 1960ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் சார்லி என்னும் தம் நாயுடன், வீடு பூட்டிய பாரவண்டி ஒன்றில் நாட்டைச் சுற்றி, மொஹாவிப் பாலைவனத்தையும் கடந்தார். 1962இல் வெளிவந்த அப்பயண நூல் இனிமை மிக்கது. ஆனால் 1939இல் அவரெழுதிய 'கோபத்தின் கனிகள்' நாவலில் அதே பாலைவனத்தை யோட் குடும்பம் கடக்கிறது. நிலத்தை வங்கிக்குப் பறிகொடுத்த குத்தகை விவசாயிகள் அவர்கள். பழைய கார் ஒன்றை வெட்டிப் பாரவண்டியாக்கி ஏறியவர்கள். அவர்களது நாய் பயணத் தொடக்கத்திலேயே வீதியில் அடிபட்டு மடிகிறது. பாட்டி பாலைவன இரவிற் கண்மூடுகிறாள். ஒரு நாய் எழுத்தாளனின் அருகிருந்து பயணம் செய்கிறது. மற்ற நாய் சாலையோரத்திற் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ளது நில உடைமை.

அக்கதை பழங்கதையாகிவிடவில்லை. வன்னி மக்கள் வீடிழந்த அதே 2008இல் அமெரிக்காவில் வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்தது. வீடிழந்த முதியோர் பலர் வண்டிகளிற் குடியேறினர். அவர்களைப் பின்தொடர்ந்து ஜெசிகா புரூடர் 2017இல் எழுதிய நூல், பின்பு திரைப்படமாகி 2021இல் ஒஸ்கார் விருதும் பெற்றது. அரிசோனாவின் குவார்ட்சைற் பாலையில் குளிர்காலம் தோறும் சில்லு வீடுகள் ஆயிரக்கணக்கிற் கூடுகின்றன. அவற்றுள் வெயில் காய வந்த வசதி படைத்தோரும் உளர்; வாடகை கொடுக்க இயலாது, அறுபதைக் கடந்தும் பருவகாலக் கூலியாக உழைத்துத் திரிவோரும் உளர். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இருவரும் ஒரே கூட்டம். இருவரின் வண்டியிலும் ஒரு நாய் இருக்கக்கூடும். சுதந்திரம் என்ற ஒரே சொல்லால் இருவரையும் புகழ்வது வியாபாரிகளுக்கு உகந்த இலக்கியம். எவருக்குத் திரும்ப வீடு உண்டு என்று கேட்பதே நமது இலக்கியம்.

நமது ஊரிலும் அக்கேள்வி ஓய்ந்துவிடவில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் உழவு இயந்திரங்கள் முற்றத்தில் துருப்பிடித்து நின்றன. கடனில் வாங்கிய இயந்திரம் தவணை தவறினால் வாசலிலிருந்தே இழுத்துச் செல்லப்படுகிறது. நாம் படுத்துறங்கிய வடமராட்சி கிழக்கின் மணலும் இரவோடிரவாகப் பெட்டிகளில் ஏறுகிறது. ஏற்றுபவன் கூலிக்காக ஏற்றுகிறான், இலாபம் வேறெங்கோ சேர்கிறது. மணல்மேடு கரைந்தால் நன்னீர்க் கிணற்றில் உப்பேறும். பாலைவனத்துக்கும் காவல் வேண்டிய காலம் இது.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் ஆசிரியர்கள் நிலம், நீர், கூலி, கடன் பற்றி மாணவர்க்குக் கூறுவர், கூறவும் வேண்டும். அவற்றோடு இதனையும் சேர்த்துக் கூறுங்கள்: ஒரு விவசாயக் குடும்பம் அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையே நான்கு நாட்கள், கடன்காரனையும் படைவீரனையும் எண்ணாமல், மணலில் மல்லாந்து கிடக்க முடிவது ஒரு சமூகத்தின் நலத்தை அளக்கும் கோல். அந்நான்கு நாட்களையும் நமது கோரிக்கைகளுள் எழுதிக்கொள்வோம். பெட்டியில் நாய்க்கும் ஓர் இடம் உண்டென்று சேர்த்தே எழுதுவோம்.