மில்வாக்கியில் ஒரு மாலை

சிகாகோவிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம். மில்வாக்கி பேஸ்பால் அரங்கின் கார் நிறுத்துமிடத்தில் ஆட்டத்துக்கு முன்பே அடுப்பு மூட்டி சாசேஜ் சுடுகிறார்கள். ஆறாவது இன்னிங்ஸில் சாசேஜ் வேடமிட்டவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயம்கூட ஓடுகிறார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்!

பக்கத்து இருக்கைப் பெரியவருக்குத்தான் மனசு ஆறவில்லை. 2025இல் 30 அணிகளிலேயே அதிக வெற்றி, 97, புரூவர்ஸுக்குத்தான். “டிவியைத் திறந்தால் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும்தான்!” சின்ன ஊர், பார்க்க ஆள் குறைவு என்பது சேனல்களின் கணக்கு. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. 1982இல் ஒரே ஒருமுறை உலகத் தொடருக்குப் போய், ஏழாவது ஆட்டத்தில் தோற்றதை நேற்று நடந்ததுபோல் சொன்னார். பிறகு, 1971 முதல் வானொலியில் வர்ணனை செய்து, 2025 ஜனவரியில் மறைந்த பாப் யூக்கரைப் பற்றி ஆரம்பித்தார். இரண்டு இன்னிங்ஸ் போனதே தெரியவில்லை.