வண்டிக் கதவுக் கண்ணாடி

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளிப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது. நம்மிடம் இருப்பது, தந்தையார் 1993-ஆம் ஆண்டில் வாங்கி நமக்கு விட்டுச்சென்ற பழைய பிக்கப் வண்டி. பாரத்தின்மேல் போட்ட கயிற்றை ஓர் இரும்புக் கம்பி கோத்து முறுக்குவது நம் வழக்கம். அன்று அந்தக் கம்பி கையினின்று நழுவிற்று. பாதி இறக்கப்பட்டிருந்த இடப்பக்கக் கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பை அது தொட்டதுதான் தாமதம். கண்ணாடி முழுவதும் ஒரே கணத்தில் நொறுங்கிக் கொட்டியது.

அந்த இருக்கையில்தான் நம் இளைய மகள் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். “மாதாவே!” என்று துணைவியார் அலறிய குரல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது. ஓடிச்சென்று கதவைத் திறந்தால், பிள்ளையின் மடியிலும் கூந்தலிலும் கற்கண்டுபோல் கண்ணாடிச் சில்லுகள். உதறி எழுந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

இது தற்செயலன்று. வண்டியின் முன்கண்ணாடி இரண்டு தகடுகளின் நடுவே நெகிழித் தாள் வைத்து ஒட்டப்படுவது. உடைந்தாலும் விரிசலோடு அப்படியே நிற்கும். கதவுக் கண்ணாடியோ வேறு வகை. வேண்டிய வடிவில் வெட்டியபின் 600 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சி விரைந்து குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்புறம் பின்னரே சுருங்குவதால், வெளித்தோல் நெருக்கப்பட்டும் உட்பகுதி இழுக்கப்பட்டும் நிற்கின்றன. இதனால் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாலும் தாங்குகிற கண்ணாடி, விளிம்பில் ஒரு கூர்மையான தட்டுப்பட்டால் அடைபட்டிருந்த விசை முழுதும் விடுபட்டு மணிமணியாய் உதிர்ந்துவிடுகிறது. சாதாரணக் கண்ணாடியாயின் கத்திபோன்ற துண்டுகள் விழுந்திருக்கும். அதனை நினைக்கவே அஞ்சுகிறோம்.

இவ்வளவும் அறிந்திருந்தும் மறுநாள் நாம் செய்யத் துணிந்தது யாது? ஊரில் சன்னலுக்குக் கண்ணாடி வெட்டும் கடைக்குச் சென்று, “இந்த அளவுக்கு ஒன்று வெட்டிக் கொடுங்கள்” என்று கேட்டோம். சிக்கனம் என்னும் பெயரால் மனிதன் செய்யும் மடமைகளுக்கு எல்லையில்லை. கடைக்காரர் நல்லவர், “ஐயா, பிள்ளைகள் உட்காரும் இடமல்லவா?” என்று திருப்பி அனுப்பினார். சூடாக்கி இறுக்கிய கண்ணாடியைப் பின்னர் வெட்டவும் இயலாது. வெட்டுக் கருவி பட்டதும் நொறுங்கிவிடும். ஆகவே அதே வகை வண்டியின் அதே பக்கக் கண்ணாடியே வேண்டும். மதுரையில் பழைய உதிரிபாகக் கடையொன்றில் ஒன்று அகப்பட்டது. மூலையில் ஐ.எஸ். 2553 என்னும் தர எண் இருக்கிறதா, விளிம்பில் சிதைவு இல்லையா என்று பார்த்து, பழந்துணியிற் சுற்றிப் பேருந்தில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தோம்.

நிற்க. இனிதான் சங்கடம். இந்த வேலை அறிந்தவர் நம் குடும்பத்தில் ஒருவரே. அவர் நம் தம்பி. தந்தையார் மறைந்தபின் கிணற்றுப் பங்கு பற்றி எழுந்த வழக்கில் பேச்சு நின்று ஆறாண்டுகள் ஆகியிருந்தன. கோயில் வாசலிலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம். “சித்தப்பாவைக் கூப்பிடலாமே” என்று மகள் சொன்னபோது நாம் கடிந்துகொண்டோம். நாமே முயன்று கைப்பிடித் திருகாணியைக் கழற்றினோம். கதவின் உட்பலகையை நெம்புகையில் இரண்டு கிளிப்புகளை முறித்தோம். அதற்குமேல் கை ஓடவில்லை.

சனிக்கிழமை காலை தம்பி வந்து நின்றார். மகள் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். “மதினி, ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் வேண்டும்” என்றதே அவர் முதற்பேச்சு. நம்மை நோக்கி ஒன்றும் சொல்லவில்லை.

உட்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருந்த நெகிழித் தாளைக் கிழியாமல் பிரித்தெடுத்தார். கண்ணாடியின் வழியே இறங்கும் மழைநீர் பலகையை நனைக்காமல் காப்பது அந்தத் தாளே. பலரும் அதனைக் குப்பையென்று எறிந்துவிடுகின்றனர். கதவின் வயிற்றினுள் கைவிட்டுச் சில்லுகளை அள்ளினார். சில்லுகளோடு வெளிவந்தவை: 2011-ஆம் ஆண்டில் செல்லாமற்போன 25 காசு நாணயங்கள் மூன்று, ஒரு சீப்பு, பெட்டிகளில் எண் எழுதத் தந்தையார் காதில் செருகியிருக்கும் சிவப்புப் பென்சில் ஒன்று. அதனை இருவரும் பார்த்தோம். தம்பி அதனைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மிதிவண்டிக் கம்பியால் குத்தத் தொடங்கினார். அவை அடைபட்டால் நீர் தேங்கித் தகடு அடியிலிருந்து துருவேறும்.

கண்ணாடியின் கீழ்விளிம்பை உலோகத் தடத்தில் ரப்பர் பட்டையோடு சோப்புநீர் தடவி அமிழ்த்தினார். பின்னர் கண்ணாடியைச் சாய்த்து மேலிருந்து கதவினுள் இறக்கவேண்டும். இஃது ஒருவரால் ஆகும் காரியமன்று. ஒருவர் வெளியே கண்ணாடியைத் தாங்க, மற்றவர் உள்ளே கைவிட்டு, ஏற்றியிறக்கும் ரெகுலேட்டரின் உருளைகளைத் தடத்தினுள் நுழைக்கவேண்டும்.

“பிடியுங்கள், அண்ணே.”

ஆறாண்டுகளுக்குப்பின் கேட்ட சொல். பிடித்தோம்.

“மேலே. இன்னும் ஒரு நூல். சற்று முன்பக்கம்.”

முதன்முறை ஏற்றியபோது கண்ணாடி பாதியில் சிக்கியது. பக்கவாட்டில் ஓடும் கம்பளிப் பட்டை கல்போல் காய்ந்திருந்தது. “அப்பா இதை மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்” என்றார் தம்பி. நாம் விடை கூறவில்லை. மறுபடி இறக்கும்போது சோப்புநீரில் நம் கை வழுக்கிற்று. கண்ணாடியின் பாரம் முழுதும் உள்ளே இருந்த அவர் விரல்மேல் அமர்ந்தது. கையை உருவியிருந்தால் கண்ணாடி அடித்தகட்டில் மோதி உடைந்திருக்கும். அவர் உருவவில்லை. நாம் மீண்டும் தூக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நகம் கன்றிப்போயிற்று. துணைவியார் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்தார்.

பட்டையை மாற்றி, உருளைகளுக்குக் கிரீஸ் இட்டு, ஆணிகளைத் தளர்வாக முடுக்கி, கண்ணாடியை முழுதும் ஏற்றி நேர்பார்த்தபின்னரே இறுக்கினார். கைப்பிடி விரலால் சுழன்றது. தந்தையார் காலத்திலும் அது அவ்வளவு இலகுவாக ஏறியதில்லை.

காப்பி அருந்தினார். கூலி பற்றிப் பேச நாம் துணியவில்லை. கிணறு பற்றியும் அன்று இருவரும் பேசவில்லை. புறப்படுகையில் படிக்கட்டிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாம் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டோம்.

வாசலில் நின்று, “வெளிப்பக்க ரப்பர் பழையதுதான், அண்ணே, பெருமழையில் ஒழுகும். புதியது கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்” என்றார்.