சயாமுக்குப் போனவர்

பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலில் எல்லாமே மூன்றாம் வகுப்புதான். வெளிநாட்டுக்காரர்களுக்கு எந்த ஊரில் இறங்கினாலும் 100 பாத். நக்கோன் பாத்தோமில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே 120 மீட்டர் உயரப் புத்தத் தூபி எழுந்து நிற்கிறது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார் சித்தப்பா. அடுத்துக் கொஞ்ச தூரத்தில் நோங் பிளாடுக் சந்திப்பு. போர்க்காலத்தில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குச் சுழியம் கிலோமீட்டர் இதுதான். பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். இன்று ரயில் ஓடுவது முதல் 130 கிலோமீட்டர் மட்டும்.

மலாயாவின் பேராக்கில் எங்கள் குடும்பம் வாழ்ந்த ரப்பர் தோட்டத்திலிருந்து 1943-இல் இங்கே கொண்டுவரப்பட்டவர் என் பெரிய தாத்தா, சித்தப்பாவுக்குப் பெரியப்பா. பெரட்டுக் களத்தில் வைத்துக் கணக்கெடுத்தார்களாம். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை என்று சொன்னார்களாம். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பருக்கு விலை போய், தோட்டத்தில் அரிசியும் போயிருந்தது. தானாகப் போனவர்களும் உண்டு, பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. சரக்கு ரயிலின் அடைத்த பெட்டிகளில் நாள்கணக்காக வந்து, இந்தச் சந்திப்புக்குச் சற்றுத் தெற்கே உள்ள பான் போங்கில் இறக்கப்பட்டு, அங்கிருந்து பலரும் காட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்டார்கள்.

எங்களிடம் ஆவணம் என்று எதுவும் இல்லை. அவரோடு போய்ப் போருக்குப் பின் திரும்பிய தோட்டத்து ஆள் ஒருவர், பெரிய பாட்டியிடம் சொன்னது மட்டும் இருக்கிறது. ஆற்றோரம் பாறையை ஒட்டிய நீளமான மரப்பாலத்தைத் தாண்டினார்கள், அப்போதே அதன்மேல் தண்டவாளம் இருந்தது. அதற்கப்புறமும் மழையில் பல நாள் நடந்தார்கள். போய்ச் சேர்ந்த கொட்டகையில் வாந்திபேதி வந்தது, செத்தவர்களைச் சேர்த்துப் போட்டு எரித்தார்கள், அவரையும். இவ்வளவுதான். தேதி கிடையாது, ஊர்ப்பெயர் கிடையாது. அதனால் வீட்டில் அவருக்கு ஆடி அமாவாசையில்தான் படையல்.

காஞ்சனபுரியில் இறங்கினோம். போர்க் கல்லறை நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காமன்வெல்த், டச்சுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கம். ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு: படைப்பிரிவு, எண், இறந்த நாள், வயது, பலவற்றில் வீட்டார் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஒரு வரி. புல்லை மட்டமாக வெட்டி, கல்லுக்குக் கல் செடி வைத்திருக்கிறார்கள். என்னை நிறுத்தியது அந்த வரிசைகள் அல்ல. எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பலை இரண்டே குழிகளில் போட்டிருக்கிறார்கள். சாம்பல் கலந்துவிட்டது, பெயர் கலக்கவில்லை. முன்னூறு பெயரும் முகப்பு மண்டபத்துச் சுவரில் இருக்கின்றன.

எதிரே இருக்கும் ரயில்பாதை அருங்காட்சியகத்தில் ஒரு கைதியின் பெயரைச் சொன்னால், எந்த முகாமிலிருந்து எந்த முகாமுக்குப் போனார் என்று எடுத்துத் தருகிறார்கள். அதை நம்பி வரும் பேரப்பிள்ளைகள் ஏராளம். நாங்களும் கேட்டோம். மேசையில் இருந்தவர் முதலில் கேட்டது படைப்பிரிவு.

"பால் வெட்டுன ஆளுங்க" என்றார் சித்தப்பா. நான் மொழிபெயர்த்தேன். மேசையில் இருந்தவர் பணிவாகத்தான் பதில் சொன்னார்: ஆசியத் தொழிலாளர்களுக்குக் கைதிகளுக்கு இருப்பதுபோல் பெயர்வாரிப் பதிவு கிடையாது. இறந்த கைதிகள் 12,000 பேருக்கு மேல். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் எல்லாம் சேர்த்து இறந்த தொழிலாளர்கள் சுமார் 90,000 என்பது மதிப்பீடு. முதல் கணக்கைப் பெயர் சொல்லி எண்ணலாம். இரண்டாவது கணக்கை மதிப்பிடத்தான் முடியும். அப்படி இறந்த தமிழர்களுக்காக இந்த ஊரிலேயே தமிழர்கள் அண்மையில் ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள்.

குவாய் பாலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செல்ஃபி எடுப்பவர்களுக்கு நடுவே நெளிந்துதான் கடக்க முடிந்தது. இந்தப் பாலத்தை வைத்து 1957-இல் வந்த படம்தான் இந்தக் கூட்டத்துக்குக் காரணம். அந்தப் படத்தை எடுத்ததோ இலங்கையின் கித்துல்கலையில். படம் பார்த்து வந்தவர்கள் குவாய் ஆற்றைத் தேடியதால், மே குளோங் என்றிருந்த ஆற்றுக்கே இந்த இடத்தில் குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். வளைவான இரும்புச் சட்டங்கள் பழையவை, ஜாவாவிலிருந்து கழற்றி வந்தவை. நேர்க்கோட்டுச் சட்டங்கள் இரண்டும் குண்டுவீச்சில் போனதற்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை.

அடுத்த ரயிலுக்கு மாலைவரை காத்திருக்க வேண்டும் என்பதால் வேன் எடுத்தோம். தாம் கிராசேயில் இறங்கியதும் சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார். குவாய் நோய் ஆறு கீழே, பாறைச் சுவர் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் மரக்கால்கள்மேல் சுமார் 400 மீட்டர் நீளத்துக்குப் பாதை. வாங் போ பாலம் என்பது இதுதான். பெரிய பாட்டி கேட்டுச் சொன்ன பாலமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் இந்த அளவுக்கு ஆற்றையும் பாறையையும் ஒட்டிய மரப்பாலம் வேறில்லை. இங்கே தண்டவாளம் வந்தது 1943 ஏப்ரல் வாக்கில். அப்படியானால் அவர்கள் கடந்தது அதற்குப் பிறகு. பேதி பரவியது மே, ஜூன் மழையில். தேதி இல்லாத கதைக்குள் இப்போது இரண்டு மாதம் கிடைத்துவிட்டது.

நாம் தோக்கில் ரயில் நின்றுவிடுகிறது. இன்னும் 18 கிலோமீட்டர் மேலே, தண்டவாளம் பிடுங்கப்பட்ட பாதையில் ஹெல்ஃபயர் பாஸ். ஆஸ்திரேலிய அரசு 1998-இல் திறந்த அருங்காட்சியகத்திலிருந்து படியிறங்கி, ஜல்லிமேல் நடந்து போகிறோம். மலையை ஆள்பலத்தால் பிளந்த வெட்டு அது. ஒருவர் எஃகுக் கம்பியைப் பாறைமேல் நிறுத்திப் பிடிப்பார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார், ஒவ்வொரு அடிக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். துளை ஆழமானதும் வெடி. இரவில் எண்ணெய் விளக்கிலும் மூங்கில் நெருப்பிலும் வேலை நடந்ததால்தான் அந்தப் பெயர். உடைந்த கம்பி ஒன்று இன்னும் பாறைக்குள் சிக்கியிருக்கிறது. பக்கத்துத் துளையில் சித்தப்பா சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். சுற்றுச்சுவர் வழவழப்பாக இருந்தது.

பழைய பாதையிலேயே கடைசிவரை போக வழியில்லை என்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. 1984-இல் முடிந்த காவோ லேம் அணையின் நீர்த்தேக்கம், பழைய பாதையின் மேல்பகுதியில் ஒரு நீண்ட துண்டை மூழ்கடித்துவிட்டது. பேதி மோசமாக இருந்த முகாம்கள் சிலவும் அந்தப் பக்கம்தான். பெரிய தாத்தா எரிக்கப்பட்ட இடம் ஒருவேளை தண்ணீருக்கடியில் இருக்கலாம்.

வேன் திரும்பும்போது, இறந்தது மே, ஜூன் என்று ஓரளவு தெரிந்துவிட்டதே, படையலை வைகாசி அமாவாசைக்கு மாற்றலாமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம்மா" என்றார் சித்தப்பா. "இத்தனை வருஷம் ஆடியிலதானே கூப்பிட்டிருக்கோம். இப்ப மாத்துனா அவர் தப்பான நாள்ல வந்து நிப்பாரு. நீ அந்தத் தோட்டத்துல ஆளுங்க பேரு எழுதுன செக்ரோல் எங்கயாச்சும் இருக்கான்னு பாரு, அது போதும்."

கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த வாரம் எழுதப் போகிறேன்.